சின்ன அறையில் கார்டியாய்டு: நூறுக்கு மேலே பெட்டி, நூறுக்குக் கீழே அறை

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியதன் சுருக்கம் இது: லயத்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிக் கட்டிய அறை. நீளம் 4.3 மீட்டர், அகலம் 3.2, உயரம் 2.6. கல் சுவர், சிமெந்துத் தரை, பலகை சீலிங், மேலே தகரம். ஸ்பீக்கர் வைத்திருக்கும் குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் காம்பரா, அங்கே கைக்குழந்தை. கையில் இருப்பது ஆறரை அங்குல வூஃபரும் (பாஸ் எழுப்பும் கோன்) பின்பக்கம் போர்ட்டும் (காற்றுக் குழாய்) உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர், மூடிய பெட்டியில் 10 அங்குல சப் (பாஸுக்கு மட்டுமான சப்வூஃபர்) ஒன்று. "இன்னொரு சப் வாங்கி இரண்டையும் கார்டியாய்டாக, அதாவது சத்தம் முன்பக்கம் மட்டும் போகும்படி, வைத்தால் பின்பக்கம் பாஸ் போகாதல்லவா? ஸ்பீக்கர் பெட்டியின் பக்கங்களில் துளை போட்டால் அதுவும் கார்டியாய்டு ஆகிவிடுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டாவது சப்பைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் இரண்டையும் கார்டியாய்டாக வைக்க வேண்டாம். இருக்கிற ஸ்பீக்கரில் துளையும் போட வேண்டாம். காரணம் தெரியாமல் விட்டால் நாளைக்கு வேறொருவர் பேச்சைக் கேட்டுப் பெட்டியை அறுத்துவிடுவீர்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கார்டியாய்டு ஸ்பீக்கரின் சத்தம் பரவும் விதத்தை மேலிருந்து வரைந்தால் வெற்றிலை மாதிரி இருக்கும். நுனி இருக்கும் பக்கம் முழுச் சத்தம். பக்கவாட்டில் 90 பாகையில் 6 டெசிபல் குறைவு. காம்பு இருக்கும் பின்பக்கம், கணக்கின்படி, ஒன்றுமே இல்லை. நடைமுறையில் 10 முதல் 15 டெசிபல் வரை குறைந்தாலே நல்ல பெட்டி. காதுக்கு வரும் நேர்ச் சத்தம் மாறாமல், அறைக்குள் கொட்டும் மொத்த ஆற்றல் மூன்றில் ஒன்றாகிவிடும். டெசிபலில் சொன்னால் 4.8 குறைவு. சின்ன அறைக்கு இது பெரிய லாபம்.

அந்த லாபம் எங்கே கிடைக்கிறது என்று உங்கள் அறையிலேயே பார்ப்போம். ஸ்பீக்கரின் முகம் அதன் பின்னாலுள்ள சுவரிலிருந்து 60 சென்ரிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். பின்பக்கமாகப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் 1.2 மீட்டர் கூடுதலாக நடந்து வரும். 143 ஹெர்ட்ஸில் அது நேர்ச் சத்தத்துக்கு நேர் எதிராக வந்து சேரும். நீங்கள் 2.3 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் அந்த இடத்தில் 9 டெசிபலுக்கு மேல் பள்ளம் விழும். தவிலின் வலு, ஆண் குரலின் அடி எல்லாம் இருக்கும் இடம் அது. அதே இடத்தில் பின்பக்கம் 12 டெசிபல் குறைந்த கார்டியாய்டு இருந்தால் பள்ளம் சுமார் ஒன்றரை டெசிபல்தான். ஈகியூ (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டு இதைத் திருத்த முடியாது. பள்ளத்தில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும்.

ஆகவே 100 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை கார்டியாய்டுக்கு நிகரான மருந்து குறைவு. இதற்காகவே வடிவமைத்த ஸ்பீக்கர்களைப் பார்த்தாலும் இது விளங்கும். டச் அண்ட் டச் 8சி ஸ்பீக்கரில் முன் வூஃபரின் கார்டியாய்டு வேலை பக்கப் பிளவுகள் வழியாக சுமார் 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே பின்பக்கம் பார்த்த இரண்டு 8 அங்குல வூஃபர்கள் சுவரையே துணையாக எடுத்துக்கொள்கின்றன. கீ த்ரீ ஸ்பீக்கரில் ஆறு டிரைவர்கள் (ஒலி எழுப்பும் பாகங்கள்), ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப். அவ்வளவு இருந்தால்தான் அந்த வடிவத்தைக் கீழே வரை கொஞ்சமாவது இழுக்க முடியும்.

இப்போது சப்புக்கு வருவோம். கோயில் திருவிழாவில், வெட்டவெளியில், மேடைக்குப் பின்னால் பாஸ் போகாமல் இருக்க ஒலிபெருக்கிக்காரர்கள் செய்யும் அடுக்கு இது: இரண்டு சப், ஒன்றுக்குப் பின் ஒன்று, நடுவுக்கு நடு 85 சென்ரிமீட்டர். பின் சப்பின் போலாரிட்டியை மாற்றி (முன் சப்பின் கோன் முன்னே போகும்போது இது பின்னே போகும்படி), 2.5 மில்லிசெக்கன் டிலே, அதாவது தாமதம், கொடுப்பார்கள். முன் சப்பின் சத்தம் பின்னோக்கி 85 சென்ரிமீட்டர் நடக்க எடுக்கும் நேரமும் அதே 2.5 மில்லிசெக்கன்தான். ஆகவே பின்பக்கம் இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழிக்கும். முன்பக்கம் நேர வித்தியாசம் 5 மில்லிசெக்கன் ஆவதால், 100 ஹெர்ட்ஸில் இரண்டும் சேர்ந்து முழு 6 டெசிபல் கூடும்.

ஆனால் கீழே போகப் போக முன்பக்கமும் அழியத் தொடங்கும். 40 ஹெர்ட்ஸில் ஒற்றைச் சப்பை விட 1.3 டெசிபல்தான் அதிகம். 34 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டு சப் சேர்ந்து கொடுப்பது ஒற்றைச் சப் கொடுப்பதை விடக் குறைவு. 25 ஹெர்ட்ஸில் 2.4 டெசிபல் நட்டம். இதற்கு ஈகியூவில் ஏற்றினால் ஆம்ப் சூடாகும், கோன் எல்லை தாண்டி இடிக்கும். போதாததற்கு ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால், அதே கோன் அசைவுக்கு கொழும்பை விட ஒரு டெசிபல் அளவு குறைவாகவே கிடைக்கும். கையிருப்பு ஏற்கெனவே கொஞ்சம் குறைச்சல்.

இது வெட்டவெளிக் கணக்கு. அறைக்குள் நிலைமை இன்னும் மோசம். 20 பாகையில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதைக் கொண்டு பார்த்தால் உங்கள் அறையின் நீளவாக்கில் முதல் நிலையலை (எதிர்ச் சுவர்களுக்கிடையில் மோதி ஒரே இடத்தில் நின்று முழங்கும் அலை) 40 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 54, உயரவாக்கில் 66, நீளவாக்கில் இரண்டாவது 80. சுமார் 200 ஹெர்ட்ஸ் வரை அறையில் ஆட்சி செய்வது இந்த நிலையலைகள்தான். 40 ஹெர்ட்ஸின் முழு அலை எட்டரை மீட்டர். அறையோ அதில் பாதி. அந்த அலைக்கு முன், பின் என்று பிரிக்க இடமே இல்லை.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கார்டியாய்டு மூலத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு பங்கு உண்டு: காற்றை அழுத்தும் பங்கு, காற்றை முன்னும் பின்னும் தள்ளும் பங்கு. நிலையலையில் சுவரோரம் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், காற்றின் அசைவு இருக்காது. எனவே சுவரோரம் வைத்த கார்டியாய்டில் தள்ளும் பங்குக்குப் பிடிமானம் கிடைக்காது. அழுத்தும் பங்கு மட்டும் அதே 40 ஹெர்ட்ஸை எழுப்பிக்கொண்டே இருக்கும். அறையின் நடுவே வைத்தால் தள்ளும் பங்கு அதை எழுப்பும். எப்படி வைத்தாலும் தப்ப முடியாது. 40-க்குக் கீழே அறை முழுவதும் ஒரே அழுத்தமாக ஏறி இறங்கும். மூடிய சப் அங்கே அறையின் உதவியால் பலம் பெறும், கார்டியாய்டு அடுக்கு அந்த உதவியையும் இழக்கும்.

அப்படியானால் இரண்டாவது சப் எதற்கு? நிலையலைகளை எழுப்பாமல் வைப்பதற்கு. ஒரு நிலையலையை அது பூச்சியமாகும் இடத்திலிருந்து எழுப்ப முடியாது. ஒரே போலாரிட்டியில் இரண்டு சப்பை எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தால், அந்தச் சுவர்களுக்கிடையில் உருவாகும் முதல் அலையை ஒன்று மேலே தூக்க, மற்றது கீழே இழுக்கும், இரண்டும் சமனாகிவிடும். எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளி நல்ல இடம் என்று டொட் வெல்டி போன்ற ஆய்வாளர்கள் காட்டியதும் இந்த அடிப்படையில்தான்.

உங்கள் அறையில் நான் முதலில் சொல்வது இரண்டு நீளச் சுவர்களின் நடு. குறுக்குச் சுவரிலிருந்து 2.15 மீட்டரில், இடது சுவரோரம் ஒன்று, வலது சுவரோரம் ஒன்று, நேருக்கு நேர். அந்த இடம் 40 ஹெர்ட்ஸுக்குப் பூச்சியம். 54 ஹெர்ட்ஸை இரண்டும் சமனாக்கிவிடும். 40-உம் 54-உம் சேர்ந்து 67-இல் உண்டாக்கும் மூலைவாட்டு அலையும் எழாது. தரையில் இருப்பதால் உயரவாக்கிலான 66 எழும், ஆனால் உட்கார்ந்தவரின் காது 1.1 மீட்டரில் இருக்கும். அந்த அலையின் பூச்சியம் 1.3 மீட்டரில் இருப்பதால் அது அதிகம் கேட்காது. பத்துப் பதினைந்து சென்ரிமீட்டர் இப்படி அப்படித் தள்ளினாலும் பாதகமில்லை. எல்லாவற்றையும் விட, அடுத்த வீட்டுச் சுவரில் எந்தச் சப்பும் முட்டாது.

கதவு எந்தச் சுவரில் என்று நீங்கள் எழுதவில்லை. நீளச் சுவரின் நடுவே கதவு இருந்தால் இரண்டாவது வழி: குறுக்குச் சுவர்களின் நடுவில், இரு பக்கத்திலிருந்தும் 1.6 மீட்டரில், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இதே கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால் முன் சப்புக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். பின் சப்பின் போலாரிட்டியை மாற்றி, 4.3 மீட்டருக்கான 12.5 மில்லிசெக்கன் டிலே கொடுத்து, முன்னாலிருந்து வரும் அலையைப் பின்சுவரில் விழுங்க வைக்கும் முறையும் உண்டு. சுவருக்கு ஒரு சப் மட்டும் வைத்து அதை ஒழுங்காகச் செய்வது கடினம். ஒவ்வொரு சுவருக்கும் குறைந்தது இரண்டு சப் வேண்டும். முதலில் எளிய வழியில் போங்கள்.

உட்காரும் இடம் இதே அளவு முக்கியம். 80 ஹெர்ட்ஸின் பூச்சியங்கள் ஸ்பீக்கர் இருக்கும் முன்சுவரிலிருந்து 1.08, 3.22 மீட்டரில் இருக்கின்றன. சோபாவை வழக்கம் போலப் பின்சுவர்ப் பக்கம் இழுத்து 3.2-இல் போட்டால் பாஸின் முதுகெலும்பே காணாமல் போகும். தலை 2.75 மீட்டரில் இருக்கட்டும்.

ஸ்பீக்கரைப் பற்றி. உங்கள் பெட்டியின் வூஃபரும் போர்ட்டும் பெட்டியின் கனவளவும் ஒன்றுக்கொன்று பொருத்தி அமைத்தவை. பக்கத்தில் துளை போட்டால் போர்ட் வேலை செய்யாது, கீழ் அதிர்வெண்களில் வூஃபருக்குப் பிடிமானம் போய்விடும், கிராஸோவரின் (அதிர்வெண்களைப் பிரித்துக் கொடுக்கும் சுற்று) கணக்கும் பிசகும். அதற்குப் பதிலாகச் செலவில்லாத வேலை ஒன்று செய்யலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் பார்த்துக்கொள்ளும் என்பதால் போர்ட்டை அடர்த்தியான ஸ்பொஞ்சால் இறுக அடையுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்ட, 5 சென்ரிமீட்டர் மட்டும் விட்டு வையுங்கள். பெட்டியின் ஆழம் 28 என்றால் முகம் சுவரிலிருந்து 33 சென்ரிமீட்டரில் வரும். பள்ளம் 143-இலிருந்து 260 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அந்த உயரத்தில் 10 சென்ரிமீட்டர் கனமான பஞ்சுப் பலகை நன்றாக விழுங்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் இரு பக்கமாக, 60க்கு 120 சென்ரிமீட்டர் அளவில் சுவரில் நிறுத்தலாம். கார்டியாய்டு தருவதில் பெரும் பங்கு இதிலேயே கிடைக்கும்.

பெட்டி செய்து பார்க்கும் ஆசை இருந்தால் புதிதாகவே செய்யுங்கள், அதுவும் 100 முதல் 500 ஹெர்ட்ஸுக்கான தனிப் பெட்டியாக. 8 அங்குல வூஃபர், போர்ட் கிடையாது. இரு பக்கப் பலகைகளிலும் பின்பக்கத்தை ஒட்டி மேலிருந்து கீழாகப் பிளவு. அந்தப் பிளவில் ஃபெல்ட். வூஃபரின் பின் அலை பெட்டிக்குள் ஓடி, ஃபெல்ட்டைத் துளைத்துத் தாமதமாக வெளியே வந்து, முன்னாலிருந்து சுற்றி வரும் அலையை அழிக்க வேண்டும். முழு இரகசியமும் ஃபெல்ட்டின் தடையில் இருக்கிறது. தடை அதிகமானால் அது வெறும் மூடிய பெட்டி. சத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். குறைந்தால் பின்பக்கமும் முன்பக்கம் அளவுக்கே ஒலிக்கும், பக்கவாட்டில் மட்டும் குறையும்.

அளப்பதற்கு அறை சரிவராது. காற்றில்லாத ஒரு காலையில் கொழுந்து மடுவத்து முற்றம் மாதிரி ஒரு சிமெந்துத் தரைக்குக் கொண்டுபோங்கள். சுற்றி ஐந்தாறு மீட்டருக்குச் சுவர் இருக்கக்கூடாது. மைக்கைத் தரையிலேயே படுக்க வைத்து, பெட்டியையும் தரையில் வைத்து, 2 மீட்டர் தூரத்தில் 0, 90, 180 பாகைகளில் அளவெடுங்கள். ஃபெல்ட்டை ஒரு மடிப்பில் தொடங்கி, ஒவ்வொரு மடிப்பாகக் கூட்டுங்கள். 150 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை 180 பாகைக் கோடு 0 பாகைக் கோட்டுக்கு 10 டெசிபலாவது கீழே இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இடது பிளவும் வலது பிளவும் ஒரே அளவு அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்க ஆணியை இறுக்கி மறுபக்கத்தைத் தளர விட்டால் வெற்றிலை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ஓரத்தில் பசை விட்ட இடத்தில் காற்றுக் கசிந்தால் பாஸ் வரும்போது உஸ்ஸென்று கேட்கும். விரலை ஓரத்தில் நகர்த்திப் பார்த்தாலே தெரியும்.

கம்பளியை வெட்டிப் போடலாமா என்று யோசிப்பீர்கள். மழை மாதங்களில் நம் பக்கத்து ஈரத்தில் கம்பளி உப்பும், பூஞ்சணமும் பிடிக்கும், தடை மாறிவிடும். பொலியெஸ்டர் ஃபெல்ட்தான் ஏற்றது. கட்டி முடித்தபின் பிளவுகளுக்குப் பக்கத்தில் திரைச்சீலை, அலுமாரி எதுவும் ஒரு முழத்துக்குள் வரக்கூடாது.

இனி சேர்த்துக் கட்டும் முறை. மினிடிஎஸ்பி 2x4 எச்டி மாதிரி இரண்டு உள்ளீடு, நான்கு வெளியீடு உள்ள ஒரு டிஎஸ்பி (கிராஸோவர், டிலே, ஈகியூ எல்லாம் செய்யும் கருவி), யூமிக்-1 மாதிரி அளவீட்டு மைக், கணினியில் இலவச ரூம் ஈகியூ விசார்ட் மென்பொருள். மைக்கோடு வரும் அளவுக் கோப்பை ஏற்ற மறக்க வேண்டாம். கிராஸோவர் 80 ஹெர்ட்ஸ், சப்புக்கும் ஸ்பீக்கருக்கும் லிங்க்விட்ஸ் ரைலி வகை வடிகட்டி, 24 டெசிபல். சப் பக்கவாட்டில் காதுக்குக் கிட்ட இருப்பதால் அதை விட மேலே வைத்தால் பாஸ் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். பிறகு கார்டியாய்டு பெட்டி வந்தால் மட்டும், அது 100-இல்தான் தொடங்குவதால், 100-க்கு ஏற்ற வேண்டிவரும்.

இரண்டு சப்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தனித்தனியாக அளந்துவிட்டுச் சேருங்கள். இரண்டும் ஒரே மாடலாக இருப்பது நல்லது. வேறு வேறு மாடலானால் இரண்டின் அலைகளும் ஏறி இறங்கும் நேரம் பிசகி, சமனாக்கும் வேலை பாதிதான் நடக்கும். அடுத்தது டிலே. நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து சப் 1.7 மீட்டர், ஸ்பீக்கர் 2.3 அல்லது இன்னும் சற்றுத் தூரம். சப்பின் சத்தம் சுமார் 1.8 மில்லிசெக்கன் முந்தி வரும். டேப் வைத்து அளப்பது தொடக்கம் மட்டுமே, ஏனென்றால் சப்பின் சொந்த ஆம்புக்குள்ளும் தாமதம் உண்டு. சப்களின் போலாரிட்டியை வேண்டுமென்றே மாற்றி, 80 ஹெர்ட்ஸில் விழும் பள்ளம் மிக ஆழமாகும் வரை டிலேயை அரை மில்லிசெக்கன் படியாக நகர்த்துங்கள். ஆழமான இடம் கிடைத்ததும் போலாரிட்டியைப் பழையபடி திருப்பி விடுங்கள். அதுதான் சரியான பொருத்தம்.

ஈகியூவில் மேட்டை மட்டும் வெட்டுங்கள். உங்கள் அறையில் 80-இல் ஒரு மேடு நிச்சயம் மிஞ்சும். பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். 3 டெசிபலுக்கு மேல் ஏற்ற வேண்டி வந்தால் சப்பையோ சோபாவையோ நகர்த்துவதே வழி.

குழந்தை உறங்கும் அந்தச் சுவரைப் பற்றி நேராகவே சொல்கிறேன். எந்தக் கார்டியாய்டு சப்பும் அந்தக் காம்பராவைக் காப்பாற்றாது. சுவர் தடுக்கும் அளவு, அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். 40 ஹெர்ட்ஸுக்குக் கல் சுவர் பெரிய தடையல்ல. அந்தப் பக்கம் அதிகம் தொந்தரவு தருவது நிலையலையின் மேடு. மேலே சொன்ன இடத்தில் சப் வைத்தால் அந்த மேடு எழாது என்பதே உங்களுக்குக் கிடைக்கும் பெரிய குறைப்பு. அடுத்து, இரண்டு வீட்டுக்கும் நடுச் சுவர் தகரம் வரை எழும்பியிருக்கிறதா என்று சீலிங் பலகையைக் கழற்றிப் பாருங்கள். சுவர் பாதியில் நின்று மேலே பொது வெளியாக இருந்தால், பாஸ் மட்டுமல்ல, பேச்சே அந்த வழியாகத்தான் போகிறது. கல் வைத்துப் பூசி மூடுவது உத்தமம். முடியாவிட்டால் இரண்டு அடுக்குப் பலகை, நடுவில் பஞ்சு, ஓரங்களில் சிறு துவாரமும் இல்லாமல் அடைப்பு. இரவு ஒன்பதுக்குப் பிறகு 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் இரண்டாவது அமைப்பொன்றை டிஎஸ்பியில் சேமித்து வையுங்கள்.

தகரத்தையும் கவனியுங்கள். 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை ஒற்றைச் சுரத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால், ஏதோ ஓர் இடத்தில் தகரமோ சீலிங் பலகையோ சடசடக்கும். அந்தச் சுரத்திலேயே நிறுத்திவிட்டு, ஒரு தடியால் ஒவ்வொரு ஆணித் தலையாக அழுத்துங்கள். சத்தம் நிற்கும் இடத்தில் ஆணியை மாற்றி ரப்பர் வாஷர் போடுங்கள். இதைச் செய்யாமல் அளவெடுத்தால் மைக் தகரத்தையும் சேர்த்துத்தான் கேட்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கும் நாட்களில் டிஎஸ்பியையும் சப்களையும் பிளக்கிலிருந்தே கழற்றி வையுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது.

சப்களை வைத்து முடித்ததும், பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு, குழந்தை விழித்திருக்கும் பகல் நேரத்தில் அவர்கள் காம்பராவின் நடுவிலும் மைக்கை வைத்து ஓர் அளவெடுங்கள். உங்கள் இடத்தில் எடுத்த அளவையும் அதையும் ஒரே கோப்பில் அனுப்புங்கள், கதவும் ஜன்னலும் குறித்த ஒரு வரைபடத்தோடு. நடுச் சுவருக்கு மேலே வெளி இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். பலகை அடைப்பு எத்தனை அடுக்கு வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.